பொழுதுபோக்காக ஓட்ட ஒரு சைக்கிள்: பணம் எங்கே போகிறது, எங்கே நிறுத்தலாம்?

தள்ளி நின்று பார்த்தால் எல்லாச் சைக்கிளும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டு சக்கரம், நடுவில் ஒரு ஃபிரேம், ஒரு செயின், ஒரு சீட். விலையைப் பார்த்தால்தான் தலை சுற்றும். மிக மலிவான சைக்கிளுக்கும் மிக விலையுயர்ந்த சைக்கிளுக்கும் இடையே நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருக்கிறது. மாலையில் ஒரு சுற்று, விடுமுறை நாளில் கொஞ்சம் தூரம் என்று ஓட்ட நினைக்கும் ஒருவர் இந்த நீளமான ஏணியில் எந்தப் படியில் நிற்பது?

இதற்குப் பதில் சொல்ல, கூடுதல் பணம் எதை வாங்குகிறது என்று தெரிய வேண்டும். சைக்கிளின் அடிப்படை அமைப்பு பழையது. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு சக்கரம், பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும் ஏற்பாடு. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவை இரண்டும் சேர்ந்ததும் சைக்கிள் கிட்டத்தட்ட முழுமையாகிவிட்டது. கடையில் இருப்பதிலேயே மலிவான வண்டியிலும் இவை இருக்கின்றன. ஆகவே விலை ஏற ஏறக் கிடைப்பவை மூன்று: சுழலும் பாகங்களின் தரம், பிரேக்கின் நம்பகம், எடைக் குறைவு. முதல் இரண்டும் பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு வேண்டியவை. மூன்றாவதற்குத்தான் பெரும்பணம் போகிறது, அதுதான் அவருக்குத் தேவையில்லாதது.

எடை ஏன் தேவையில்லை என்பதைச் சின்னக் கணக்கு ஒன்றால் பார்த்துவிடலாம். ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 15 கிலோ, மொத்தம் 85 கிலோ. சமதளத்தில் மணிக்கு 15 கி.மீ. வேகம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது காற்றைத் தள்ளிக்கொண்டு போக ஏறத்தாழ 25 வாட் ஆகும். டயர் தரையில் உருள்வதற்கு, நல்ல வழுவழுப்பான டயர் என்றால் 17 வாட் போதும். கட்டைகட்டையாகப் பட்டன் வைத்த மலிவான டயர், அதிலும் காற்று குறைவாக இருந்தால், 40 வாட் வரை விழுங்கும். இப்போது சைக்கிளின் எடையில் 3 கிலோவைக் குறைத்துப் பாருங்கள். சமதளத்தில் மிச்சமாவது அரை வாட்டுக்குக் கொஞ்சம் மேல். ஏற்றத்தில் பலன் தெரியும் என்பார்கள், உண்மைதான். 85 கிலோவில் 3 கிலோ என்பது மூன்றரை சதவீதம். ஐந்து நிமிடம் பிடிக்கும் ஒரு மேட்டில் பத்து வினாடி முன்னதாக உச்சிக்குப் போய்ச் சேரலாம். பந்தயத்தில் அந்தப் பத்து வினாடிதான் வெற்றி. சர்வதேசச் சைக்கிள் ஒன்றியம் பந்தய வண்டிகள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறது, அவ்வளவு தூரம் எடையைக் குறைக்கப் பார்ப்பார்கள். மேட்டு உச்சியில் நின்று தண்ணீர் குடிக்கப்போகிறவருக்கு அது எதற்கு?

அதே கணக்கில் டயரைக் கவனியுங்கள். பட்டன் டயரைக் கழற்றி வழுவழுப்பான டயர் போட்டு, பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்றை ஒழுங்காக அடித்தாலே 20 வாட்டுக்கு மேல் மிச்சம். சாவகாசமாக மிதிப்பவர் தருகிற மொத்தச் சக்தியே 50 முதல் 100 வாட்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இது பெரிய சேமிப்பு. செலவோ ஒரு ஜோடி டயரின் விலை. காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் ஃபிரேம், ரிம் என்று விற்பதெல்லாம் வேகமாகப் போகிறவர்களுக்கு. காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும். 15 கி.மீ.யில் 25 வாட் கேட்ட காற்று 30 கி.மீ.யில் 200 வாட் கேட்கும். அந்த வேகத்தில் போகாதவர் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

சரி, எடை வேண்டாம் என்றால் இருப்பதிலேயே மலிவானதை வாங்கிவிடலாமே? இங்கேதான் எதிர்ப்பக்கத் தவறில் விழுவோம். மிக மலிவான வண்டிகளின் குறை எடை அல்ல. அவை சரிசெய்த நிலையில் நிற்பதில்லை. ரிம் ஒற்றைச் சுவர் உடையதாக, அதாவது ஒரே அடுக்குத் தகடாக இருக்கும். ஸ்போக்ஸ் கம்பிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இறுக்கத்தில் இருக்கும். கொஞ்ச நாளில் சக்கரம் கோட்டம் விழும். கோட்டம் எடுத்துக் கொடுத்தால் மறுபடி விழும். ரிம் கோணினால் பிரேக் கட்டை உரசும், உரசுகிறதே என்று பிரேக்கைத் தளர்த்தினால் பிடிக்காது. பிரேக் கைகள் மெல்லிய தகட்டில் செய்யப்பட்டிருந்தால், அழுத்தும்போது சக்கரத்தைப் பிடிப்பதற்குப் பதில் தாங்களே வளையும். பேரிங்குகளில் கிரீஸ் பேருக்குத்தான் இருக்கும். சில வண்டிகளில் அளவுக்கு மீறி இறுக்கியும் வைத்திருப்பார்கள். இவை ஒவ்வொன்றும் சின்னத் தொல்லைதான். எல்லாம் சேர்ந்தால் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடும்.

பின்சக்கர ஹப்பை, அதாவது ஸ்போக்ஸ் வந்து சேரும் நடுப்பகுதியை, தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குபவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. பல கியர் வண்டிகளில் பின்பக்கப் பல்சக்கரங்களைப் பொருத்த இரண்டு வழி உண்டு. பழைய வழியில் ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தை ஓடவிடும் பாகம்) முழுவதையும் ஹப்பின்மேல் திருகிவிடுவார்கள். அப்போது வலப்பக்கப் பேரிங் பல்சக்கரங்களுக்கு உள்பக்கமாகத் தள்ளி இருக்கும், அதற்கு வெளியே ஆக்சிலின் (சக்கரத்தின் அச்சுத்தண்டின்) ஒரு நீளம் தாங்கலில்லாமல் நிற்கும். ஒற்றைப் பல்சக்கர வண்டியில் அந்த நீளம் குறைவு, பிரச்சினை இல்லை. ஏழு பல்சக்கரம் வரும்போது நீளம் கூடும். கனமானவர் ஏறி, குழியில் இறங்கினால் ஆக்சில் வளையும், சில சமயம் முறிந்தே போகும். புதிய வழியில் ஃப்ரீவீலின் இயக்கம் ஹப்போடு சேர்ந்தே இருக்கும். பல்சக்கரங்கள் மட்டும் கேசட்டாக அதன்மேல் சொருகப்படும். பேரிங் ஆக்சிலின் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவதால் வளையும் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. விவரக் குறிப்பில் கேசட் ஹப் என்று இருந்தால் அந்த வண்டி ஒரு படி மேலே வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மலிவு வண்டிகளில் இன்னொரு பொறி சஸ்பென்ஷன். முன்ஃபோர்க்கில் ஸ்பிரிங், சிலவற்றில் பின்னாலும் ஸ்பிரிங். பார்க்க மோட்டார் சைக்கிள் மாதிரி கம்பீரமாக இருக்கும். குறைந்த விலையில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க்கில் ஸ்பிரிங் மட்டும்தான் உண்டு, அதன் துள்ளலை அடக்கும் எண்ணெய் அமைப்பு இருக்காது. அதுவே 2 கிலோவுக்கு மேல் எடை பிடிக்கும், மிதிக்கும்போது மேலும் கீழும் ஆடி உங்கள் காலின் சக்தியில் ஒரு பங்கைத் தின்னும், தண்ணீர் புகுந்தால் துருப்பிடித்து இறுகிப்போகும். சாதாரணச் சாலைக்கு அகலமான டயரே போதுமான சஸ்பென்ஷன். குறைந்த விலையில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த வண்டியை யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏன் என்றால், ஒரு குறிப்பிட்ட விலைக்குள் செய்யும்போது தயாரிப்பாளர் கூட்டுகிற ஒவ்வொரு அம்சமும் வேறொன்றிலிருந்து பிடுங்கியதாகத்தான் இருக்கும். ஸ்பிரிங்குக்குப் போன பணம் ஹப்பில் குறையும். 21 கியருக்குப் போன பணம் பிரேக்கில் குறையும். கையில் இருக்கும் தொகை சிறியதானால் எளிமையான வண்டியாகப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். கியரில்லாத, ஸ்பிரிங்கில்லாத வண்டி அதே விலைக்கு நல்ல சக்கரத்தோடு கிடைக்கும்.

21 கியர் என்ற எண்ணும் ஒரு விளம்பர எண்தான். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் இருபத்தொன்று. அவற்றில் பல ஒன்றின்மேல் ஒன்று விழும். முன்னால் 28 பல், பின்னால் 14 பல் போட்டாலும் 48-க்கு 24 போட்டாலும் விகிதம் ஒன்றேதான், 2:1. பொழுதுபோக்காக ஓட்ட எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து 15 கி.மீ. வேகத்தில் போக 2:1 விகிதம் போதும். மேட்டுக்கு 1:1-க்குப் பக்கத்தில் ஒன்று, இறக்கத்துக்கும் பின்காற்றுக்கும் 3:1 அளவில் ஒன்று, இடையில் சில. முன்னால் ஒரே 38 பல்சக்கரம், பின்னால் 12 முதல் 32 பல் வரை ஏழோ எட்டோ வைத்தால் இந்த எல்லை முழுக்க வந்துவிடும். முன்பக்க டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்), அதன் கேபிள், அதன் கைப்பிடி எல்லாம் இல்லாமல் போவதால் பழுதாக ஒரு பாகமும் குறையும்.

இப்படிப் பார்க்கும்போது கீழ்வரம்பு ஓரளவு தெளிவாகிறது. இரட்டைச் சுவர் அலுமினிய ரிம், துருப்பிடிக்காத ஸ்போக்ஸ், கியர் வண்டியானால் கேசட் ஹப், பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுழலும் இடத்தில் மூடிய கார்ட்ரிட்ஜ் பேரிங், பிடித்தால் வளையாத பிரேக். பழைய குரோம் பூசிய இரும்பு ரிம்மைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் மழை. நனைந்த இரும்பில் பிரேக் கட்டை வழுக்கும், வண்டி நிற்க எடுக்கும் தூரம் பயமுறுத்தும் அளவுக்குக் கூடும். ஒரு நிறுவனத்தின் சாதாரண நகர வண்டி அல்லது ஹைபிரிட் (சாலை வண்டியும் மலைப்பாதை வண்டியும் கலந்த வகை) வரிசையைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டு வாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது படியில் இந்த ஐந்தும் சேர்ந்து வந்துவிடும். நீங்கள் செலவழிக்க வேண்டிய தொகை அதுதான். நாணயம் எதுவானாலும், விலைவாசி எப்படி இருந்தாலும், இந்த முறை வேலை செய்யும்.

அந்த வரிசையைப் படிக்கும்போது ஒரு விற்பனைத் தந்திரத்தையும் கவனிக்க வேண்டும். கியர் பாகங்களுக்குத் தர வரிசை உண்டு. கியர் பாகங்கள் செய்யும் ஷிமானோவை எடுத்துக்கொண்டால், நீண்ட காலமாக மலைப்பாதை, நகர வண்டிகளில் டூர்னி, ஆல்டஸ், அசேரா, அலிவியோ, டியோர் என்று ஏறிவந்தது. சாலைப் பந்தயப் பக்கம் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டுரா-ஏஸ் என்று போனது. வாங்குபவர்கள் பின்பக்க டீரெய்லரில் எழுதியிருக்கும் பெயரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இது தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். அதனால் டீரெய்லரை மட்டும் ஒரு படி உயர்த்திவிட்டு, ஹப், செயின், பிரேக், பேரிங் ஆகியவற்றைக் கீழ்ப்படியிலேயே வைத்துவிடுவது உண்டு. சாவகாசமாக ஓட்டுபவருக்கு ஆல்டஸுக்கும் டியோருக்கும் உள்ள வேறுபாட்டைவிட, நல்ல சக்கரத்துக்கும் மோசமான சக்கரத்துக்கும் உள்ள வேறுபாடு பல மடங்கு பெரிது. விவரப் பட்டியலைச் சக்கரத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

ஃபிரேம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலுமினியம், குரோமொலி எஃகு (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) இரண்டும் நன்றாக இருக்கும். சாதாரண எஃகு கொஞ்சம் கனம், ஆனால் உறுதி. கார்பன் ஃபைபர் வேண்டாம், அது எடையைக் குறைக்கக் கொடுக்கும் பணம்தான்.

மேல்வரம்பு எங்கே இருக்கிறது? சைக்கிள் பாகங்கள் செய்த கீத் பாண்ட்ராகர் சொன்னதாக ஒரு பேச்சு சைக்கிள்காரர்களிடையே பிரபலம்: உறுதி, எடைக் குறைவு, மலிவு, மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள். உறுதியும் மலிவும் சேர்ந்த வண்டிதான் நம் கீழ்வரம்பு. அதற்கு மேலே போகும்போது உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு எடையைக் குறைக்கிறோம். ஒவ்வொரு நூறு கிராமும் முந்தைய நூறு கிராமைவிட விலை கூடியது. வாங்கும்போது கொடுத்ததோடு அது முடிவதுமில்லை. பின்னால் 11, 12 பல்சக்கரங்கள் உள்ள வண்டியில் செயின் மெலிந்தது, கேசட் விலை கூடியது. தேய்ந்தால் மாற்றும் செலவும் அதற்கேற்ப ஏறும். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் மழையிலும் அருமையாகப் பிடிக்கும், ஆனால் திரவம் மாற்ற, காற்றை வெளியேற்றத் தெரிந்த ஆள் வேண்டும்.

அப்புறம் திருட்டுப் பயம். விலையுயர்ந்த சைக்கிளைக் கண்ட இடத்தில் பூட்டிவிட்டுப் போக மனம் வராது. நூலகத்துக்குப் போகலாம் என்று நினைத்தவர், அங்கே எங்கே நிறுத்துவது என்று யோசித்து வேறு வழியில் போவார். பொழுதுபோக்குக்கு என்று வாங்கிய பொருள் காவல் காக்கும் வேலையைக் கொடுத்தால் அது விலையின் குற்றமே. திருடு போனால் ஒரு வாரம் வருத்தப்படுவீர்கள், ஒரு வருடம் வருத்தப்பட மாட்டீர்கள் என்ற அளவுக்குள் விலை இருப்பது நல்லது. இது கணக்கில் வராத அளவுகோல்தான், ஆனால் பலருக்கும் உதவும்.

காசு கொடுக்காமல் கிடைக்கும் மிகப் பெரிய மேம்பாடு, உடம்புக்கு ஏற்ற அளவு. இரண்டு மடங்கு விலையில் தவறான அளவில் ஒரு வண்டியும், பாதி விலையில் சரியான அளவில் ஒரு வண்டியும் இருந்தால் இரண்டாவதுதான் ஓடும், முதலாவது முதுகுவலி கொடுக்கும். ஃபிரேமின் குறுக்குக் கம்பிக்கு மேல் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்க முடிய வேண்டும். சீட் உயரத்துக்கு எளிய வழி: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக இருக்க வேண்டும். அப்படி வைத்தபின் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்காலில் தேவையான சின்ன மடக்கம் தானாக வந்துவிடும். பெரும்பாலானோர் சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, சைக்கிள் ஓட்டினால் முட்டி வலிக்கிறது என்கிறார்கள். மெத்தென்ற அகலச் சீட்டுக்குக் கூடுதல் பணம் கேட்டால் யோசியுங்கள். எடை உட்காரும் எலும்புகள்மேல் விழ வேண்டும். மிகவும் மிருதுவான சீட்டில் எலும்பு புதைந்து சதை நசுங்கும், முதல் பத்து நிமிடம் சுகமாக இருந்து அப்புறம் மரத்துப்போகும்.

மொத்தத் தொகையை முடிவுசெய்யும்போது வண்டியின் விலையையே மொத்தமாக நினைத்துவிடுவதுதான் பலருக்கும் நேர்கிறது. தலைக்கவசம், முன்விளக்கு, பின்விளக்கு, உருப்படியான பூட்டு, காற்றடிக்கும் பம்ப், மட்கார்டு. சில வண்டிகள் ஸ்டாண்டும் பெல்லும்கூட இல்லாமல் வருகின்றன. ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை இதற்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது என் கணிப்பு. முதல் சில வாரங்களில் புதிய கேபிள்கள் இளகும், ஸ்போக்ஸ் கொஞ்சம் தளரும், அதனால் ஒரு சரிபார்ப்புக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். வாங்கிய கடையே அதை இலவசமாகச் செய்து கொடுத்தால் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்கலாம். பிரேக்கைத் தளர்வாக விட்டு, முன்ஃபோர்க்கைப் பின்பக்கம் திருப்பி மாட்டிக் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன.

இப்போதைக்கு மலிவாக வாங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாமா என்ற யோசனை எல்லோருக்கும் வரும். பாகங்களைத் தனித்தனியாக வாங்கினால், முழு வண்டியில் அவை அடங்கியிருக்கும் விலையைவிட வெகுவாகக் கூடும். தயாரிப்பாளர் ஆயிரக்கணக்கில் மொத்தமாக வாங்குகிறார், நாம் ஒன்றே ஒன்று வாங்குகிறோம். ஆகவே மலிவு வண்டியில் சக்கரத்தையோ கியர் அமைப்பையோ மாற்றுவது நஷ்டக் கணக்கு. டயர், பிரேக் கட்டை, சீட், கைப்பிடி உறை ஆகிய நான்கும் விதிவிலக்கு. செலவு குறைவு, பலன் உடனே தெரியும்.

எத்தனை முறை ஓட்டுவோம் என்றே தெரியாதவர்கள் பழைய வண்டியைப் பார்க்கலாம். விலையுயர்ந்த சைக்கிள் வாங்கினால் அதற்காகவாவது ஓட்டுவோம் என்ற நம்பிக்கை நடைமுறையில் அவ்வளவாகப் பலிப்பதில்லை. இப்படி ஆசையாக வாங்கி ஓட்டாமல் விட்ட வண்டிகள்தான் பழைய சந்தைக்கு நல்ல நிலையில் வருகின்றன, அது அடுத்தவருக்கு லாபம். பார்க்கும்போது ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேம் குழாய்கள் சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே உள்ள இடைவெளி ஆடாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். கிராங்கைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கூடாது. செயினை ஒரு அடிக்கோலால் அளக்கலாம்: புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. இருக்கும். அதுவே அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். செயின், கேசட், டயர், கேபிள், பிரேக் கட்டை எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கும் பழைய வண்டி மலிவே இல்லை. அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

கீழ்வரம்புக்கு மேலே ஒரு படி ஏறுவது நியாயமாகும் சில நிலைமைகளும் உண்டு. ஓட்டுபவர் 100 கிலோவுக்கு மேல் என்றால் பின்சக்கரத்தில் 36 ஸ்போக்ஸ் உள்ள நல்ல சக்கரத்துக்குப் பணம் கொடுக்கலாம். வீட்டைச் சுற்றி மேடும் பள்ளமுமாக இருந்தால் அகலமான கியர் எல்லைக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் கொடுக்கலாம். மழை அதிகம், பராமரிக்க நேரமில்லை, ஆனால் அடிக்கடி ஓட்டுவேன் என்பவர் ஹப்புக்குள்ளேயே கியர் அடங்கிய வண்டியைப் பார்க்கலாம். ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. ஷிமானோ நெக்சஸில் எட்டு கியர் வரை உண்டு, மிகக் குறைந்த கியருக்கும் மிக உயர்ந்த கியருக்கும் இடையே மூன்று மடங்கு வித்தியாசம். பல்சக்கரங்கள் எல்லாம் மூடிய டப்பாவுக்குள் இருப்பதால் சேறும் தூசியும் அண்டாது, சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம். எடை கூடும், பின்சக்கரத்தில் பஞ்சர் விழுந்தால் கழற்றக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்கு ஈடாகச் செயின் எப்போதும் ஒரே நேர்கோட்டில் ஓடுவதால் அதிக நாள் வரும், அகலமான உறுதியான செயினையே போட்டுக்கொள்ளலாம், முழுச் செயின் மூடியும் வைக்கலாம், பேண்ட்டில் கறை படாது.